பாட்டாவின் உறக்கம் யார் கையில்?

"மக்ளே, ஒறக்கமே இல்ல" என்று பாட்டா (தாத்தா) சொன்ன மறுநாளே வீட்டில் யாராவது மருந்துக்கடையில் நின்று உறக்கக் குளிகை, அதாவது மாத்திரை, கேட்பது குமரி மாவட்டத்தில் சாதாரணக் காட்சி. அவர் எந்த அறையில் படுக்கிறார், பக்கத்தில் யார், விளக்கை அணைப்பது யார், இரவுச் சாப்பாடு யாருடைய வசதிப்படி நடக்கிறது என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனிக்கிறவர்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான்: அதே ஆள், அதே சர்க்கரை, அதே மருந்து, மூத்த மகன் வீட்டில் இரவு நான்கு முறை எழுகிறார், மகள் வீட்டில் ஒரே முறை. நோயைத் துருவுவதற்கு முன் இந்த வித்தியாசத்தைத் துருவ வேண்டும்.

65 வயதைக் கடந்தவருக்கும் 7 முதல் 8 மணி நேர உறக்கம் தேவைதான். "வயசானா நாலு மணிக்கூர் போதும்" என்பது தவறு. ஆழ்ந்த உறக்கம் குறையும், சின்னச் சத்தத்துக்கும் விழிப்பு வரும், உடம்பின் கடிகாரம் முன்னே நகரும். எட்டரைக்குக் கண் சொருகி மூன்றரைக்கு விழிப்பது அந்த நகர்வுதான். அதை நோயாக்க வேண்டாம். எட்டரைக்குக் கண் சொருகுகிறவரைப் பதினொன்று வரை சத்தத்துக்கு நடுவில் உட்கார வைக்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. விழிப்பு அப்போதும் மூன்றரைக்கே வரும்.

குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் பால் வெட்டியவர்களிடம் இது இன்னும் அழுத்தமாகத் தெரியும். மரம் குளிர்ந்திருக்கும்போதுதான் பால் நன்றாக ஒழுகும் என்பதால் விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனவர்கள் அவர்கள். குளச்சல், முட்டம் கரையில் இருட்டிலேயே வள்ளம் இறக்கியவர்களும் அப்படித்தான். வேலையை விட்டுப் பத்து வருடம் ஆனாலும் மூன்று மணிக்குக் கண் திறந்துவிடும். இவர்களுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, எட்டு மணிக்கே படுக்க விட்டு, அந்த அறையை அமைதியாக வைப்பது. எட்டு முதல் மூன்று வரை ஏழு மணி நேரம் கிடைத்துவிடும். இன்னொன்று, கடிகாரத்தைப் பின்னே தள்ளுவது: மாலை 5 முதல் 6.15 வரை முற்றத்திலோ ரோட்டோரத்திலோ வெளிச்சத்தில் உட்கார்வது அல்லது நடப்பது, விடியற்காலை விழித்ததும் டியூப்லைட் போடாமல் மங்கலான வெளிச்சத்தில் இருப்பது. இரண்டு மூன்று வாரம் விடாமல் செய்தால் அரை மணியோ ஒரு மணியோ நகரும். நம் மாவட்டத்தில் கோடைக்கும் மழைக்கும் பகல் நீளம் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் மாறுகிறது என்பதால் வருடம் முழுவதும் ஒரே நேரத்தை வைத்துக்கொள்ளலாம்.

எதைச் செய்வதற்கு முன்பும் ஒரு நோட்டு வேண்டும். 14 நாள். படுத்த நேரம், உறங்கியிருப்பார் என்று தோன்றும் நேரம், எத்தனை முறை எழுந்தார், எதற்கு எழுந்தார், கடைசியாக எப்போது விழித்தார், கட்டிலை விட்டு எப்போது இறங்கினார், பகலில் எவ்வளவு உறக்கம், தேயிலை காப்பி எத்தனை மணிக்கு, என்ன குளிகை, எந்த வீடு, எந்த அறை. காலையில் எழுந்த பிறகு உத்தேசமாக எழுதினால் போதும். இரவில் கடிகாரத்தைப் பார்த்து எழுதச் சொன்னால் இருக்கிற உறக்கமும் போய்விடும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு அதிகமான மாவட்டம் இது, 91.75 சதவீதம். பாட்டாவும் பாட்டியும் பெரும்பாலும் தாங்களே எழுதிவிடுவார்கள். கணக்குப் பாருங்கள்: இரவு 8 முதல் காலை 5 வரை கட்டிலில் 9 மணி நேரம், உறங்கியது ஐந்தரை மணி நேரம் என்றால் 61 சதவீதம். 85க்கு மேல் இருந்தால் நல்ல உறக்கம். கட்டிலில் விழித்துக் கிடக்கும் மூன்றரை மணி நேரம்தான் "உறக்கமே இல்ல" என்ற அந்தப் பேச்சாக வெளியே வருகிறது.

பிட்ஸ்பர்க் உறக்கத் தரக் குறியீடு என்ற கேள்வித்தாள் 1989 முதல் உலகெங்கும் புழக்கத்தில் உள்ளது. போன ஒரு மாதத்தைப் பற்றிக் கேட்டு 0 முதல் 21 வரை மதிப்பெண் தரும். 5ஐத் தாண்டினால் உறக்கம் சரியில்லை. நல்ல கருவிதான். ஆனால் அரை மாதம் ஒரு வீடு, அரை மாதம் இன்னொரு வீடு என்று இருப்பவருக்கு அது இரண்டையும் கலந்து ஒரே எண்ணாக்கிவிடும். எந்த வீட்டில் கெட்டது என்பதை நோட்டுதான் சொல்லும்.

மகன், மருமகள், பேரப்பிள்ளைகளோடு இருக்கும் வீட்டில் முதியவரின் கட்டில் பெரும்பாலும் தார்சாவில்தான், அதாவது முன்கூடத்தில்தான் கிடக்கும், அல்லது பின்னால் இழுத்துக் கட்டிய சாய்ப்பில். தார்சா என்றால் டிவி, விருந்தாளி, பைக் சாவி தேடும் பேரன், எல்லாம் அங்கேதான். டிவியை ஒன்பது மணிக்கு அணைக்கச் சொல்லி எந்த வீட்டிலும் நடந்ததில்லை. கட்டிலை மாற்றுவதுதான் நடக்கும். படிக்கிற பிள்ளைக்குக் கொடுத்த உள்ளறையைப் பெரியவருக்குக் கொடுத்து, பிள்ளையைத் தார்சாவுக்குக் கொண்டுவர முடியுமா என்று வீட்டார் ஒருமுறை மனசு வைத்துப் பேச வேண்டும். முடியாவிட்டால் டிவி இருக்கும் சுவரை மாற்றுங்கள், கனமான திரை ஒன்று போடுங்கள். இரவுச் சாப்பாட்டை அவருக்கு மட்டும் முன்னதாகவே கொடுங்கள், பத்துக்குப் படுக்கிறவருக்கு ஏழுக்கு, எட்டரைக்குப் படுக்கிறவருக்கு ஐந்தரைக்கு. எல்லாரோடும் ஒன்பதரைக்குத் தோசை தின்று பத்துக்குப் படுத்தால் நெஞ்செரிச்சல் எழுப்பிவிடும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எரிச்சல் தொடர்ந்தால் தலைமாட்டுக் கட்டில் கால்கள் இரண்டுக்கும் அடியில் 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு, ஆடாத மரக்கட்டை வையுங்கள். தலையணையை அடுக்கினால் கழுத்துதான் வளையும், வயிறு மடங்கும்.

வார்ப்புக் கூரை வீட்டில் மார்ச் முதல் மே வரை இன்னொரு தொல்லை. பகல் முழுவதும் ஏறிய சூட்டைக் கூரை நள்ளிரவு வரை கீழே இறக்கிக்கொண்டிருக்கும். மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசுவது, காய்ந்த தென்னை ஓலை பரப்புவது, மாலை ஐந்துக்குத் தண்ணீர் தெளிப்பது, இவை செலவில்லாமல் பலன் தருகிறவை. கொசுவுக்குச் சுருள் கொளுத்தி அறையை மூடுவதைவிட வலை மேல். இருமல், வீசிங் உள்ளவருக்கு அந்தப் புகையே விழிப்புக்குக் காரணம்.

தனியாக இருக்கும் அம்மாக்களின் கதை வேறு. பிள்ளைகள் கல்ஃபில். சவூதி, குவைத், கத்தார் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால், துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். மகன் வேலை முடிந்து குளித்துச் சாப்பிட்டு ஒன்பது மணிக்குச் சவூதியிலிருந்து கூப்பிட்டால் இங்கே பதினொன்றரை. அதுவரை அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பேசிய பிறகு சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் நினைத்து இன்னும் ஒரு மணி நேரம். கூப்பிடாத நாளில் பயத்தில் விடியும். இதற்கு மருந்து கிடையாது. பிள்ளைதான் நேரத்தை மாற்ற வேண்டும். வேலைக்குக் கிளம்பும் முன் ஐந்தரைக்குக் கூப்பிட்டால் இங்கே எட்டு மணி, அம்மா காலைக் காப்பி குடித்துக்கொண்டிருப்பார். நீண்ட பேச்சை லீவு நாள் பகலுக்கு வைக்கலாம். பல வீடுகளில் இந்த ஒரு மாற்றம் மட்டுமே நோட்டில் ஒரு மணி நேர உறக்கத்தைக் கூட்டிக் காட்டும்.

தனிமையில் உறங்கவிடாத இன்னொன்று காவல். இரவு மூன்று முறை எழுந்து கதவைப் பார்ப்பது, ஓட்டில் தேங்காய் விழுந்தாலும் ஆளோ என்று நினைப்பது. ஆரல்வாய்மொழி கணவாய்ப் பக்கம் ஆனி, ஆடிக் காற்றில் கதவும் ஜன்னலும் அடித்துக்கொண்டே இருக்கும். "பயப்படாதிய" என்று சொல்வதால் பயம் போகாது. கொக்கியைச் சரி செய்யுங்கள், ஜன்னல் சட்டத்துக்கு ரப்பர் பட்டை ஒட்டுங்கள், முற்றத்து லைட்டின் சுவிட்சைக் கட்டிலில் இருந்தே எட்டும்படி வையுங்கள். ஒரு சாவி பக்கத்து வீட்டில் இருக்கட்டும். காலை ஏழு மணிக்கு ஒரு மிஸ்டுகால் என்று பக்கத்து வீட்டாரோடு பேசி வைத்தால், "செத்துக் கிடந்தாலும் யாருக்கும் தெரியாதே" என்று வெளியே சொல்லாமல் வைத்திருக்கும் அந்தப் பயம் தணியும். 108 எல்லாருக்கும் தெரியும். முதியோர் உதவி எண் 14567ஐயும் போனில் பதிந்து கொடுங்கள்.

கணவனும் மனைவியும் மட்டும் இருக்கும் வீட்டில் ஒருவரின் நோய் இருவரின் உறக்கத்தையும் எடுக்கும். குறட்டை இடையில் நின்று, மூச்சுத் திணறி, திடுக்கென்று மறுபடி தொடங்கினால் அது வெறும் குறட்டை இல்லை, உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோயாக (ஸ்லீப் ஆப்னியா) இருக்கலாம். பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகும், காலையில் தலை வலிக்கும், பிரஷர் மருந்துக்கு அடங்காது. மறதி நோய் உள்ளவர் இரவில் எழுந்து நடமாடினால் வாசல் கதவில் சின்ன மணி கட்டுங்கள். கவனித்துக்கொள்பவர் காதைத் தீட்டிக்கொண்டே கிடக்க வேண்டியதில்லை. அவருக்கு வாரம் இரண்டு இரவாவது முழு ஓய்வு வேண்டும். மகளோ ஹோம் நர்ஸோ அந்த இரண்டு இரவையும் கட்டாயமாக எடுத்துக்கொள்ள வேண்டும். 70 வயது மனைவி 75 வயது கணவரைத் தினமும் ராத்திரி தூக்கி நிறுத்துவதைக் கடமை என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகள் தள்ளி நிற்பது கொடுமை.

இனி முறை வைப்பது. இம்மாதம் மூத்தவன், அடுத்த மாதம் இளையவன், அப்புறம் மகள். சொத்துப் பாகம் வைத்தது போலவே அப்பா அம்மாவையும் பாகம் வைக்கிறார்கள். உறக்கத்துக்கு இதைவிட மோசமான ஏற்பாடு இல்லை என்பதே எங்கள் அபிப்பிராயம். புது இடத்தில் முதல் இரவு யாருக்கும் உறக்கம் கெடும். மூளையின் ஒரு பாதி காவலுக்கு விழித்திருக்கிறது என்று 2016இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. இளைஞருக்கு ஓரிரு நாளில் சரியாகும். வயதானவருக்கு ஒரு வாரமும் ஆகலாம். பழகி முடிப்பதற்குள் பெட்டி கட்டும் நாள் நெருங்கிவிடும். இதைவிட ஆபத்து, விழுவது. மூத்தவன் வீட்டில் கட்டிலை விட்டு இறங்கி இடது பக்கம் போனால் கக்கூஸ். இளையவன் வீட்டில் இடது பக்கம் போனால் படி. அரை உறக்கத்தில் கால் பழைய வீட்டு வழியில்தான் போகும். இடுப்பெலும்பு முறிவது இப்படி நடக்கிறது. மூன்றாவது, மருந்து. கிளம்பும் நாளில் காலை மருந்தை இவர் கொடுத்தார் என்று அவரும், அவர் கொடுப்பார் என்று இவரும் விட்டுவிடுவார்கள். அல்லது இரண்டு பேரும் கொடுத்துவிடுவார்கள்.

முறையை விட முடியாது என்றால் மாதத்தை மூன்று மாதமாக்குங்கள். தலையணை, போர்வை, மெத்தை, இரவு விளக்கு, அவர் பார்த்துப் பழகிய கடிகாரம் எல்லாம் அவரோடு போகட்டும். கட்டிலைச் சுவருக்கு எந்தப் பக்கம் போட்டிருந்ததோ அதே பக்கம் எல்லா வீட்டிலும் போடுங்கள், இறங்கும் பக்கம் மாறக் கூடாது. மாலையில் கொண்டுபோய் விடாதீர்கள். காலை பத்து மணிக்குக் கூட்டிப்போனால் பகல் வெளிச்சத்தில் நாலைந்து முறை கக்கூசுக்கு நடந்து கால் வழி பழகும். முதல் ஒரு வாரம் யாராவது பக்கத்தில் படுக்கட்டும். மருந்துப் பெட்டியும் நோட்டும் ஒன்றே, கடைசியாகக் கொடுத்த மருந்து, நேரம், கொடுத்தவர் பெயர் எழுதியிருக்க வேண்டும். முடிகிற குடும்பங்கள் ஒரு படி மேலே போகலாம்: பெற்றோர் தங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், பிள்ளைகள் முறை வைத்து வந்து தங்கட்டும். நகர்கிறவர் இளையவராக இருந்தால் எல்லாருக்கும் நல்லது.

முதியோர் இல்லத்தில் சேர்க்கப் போகிறவர்கள் காலை பதினொரு மணிக்குப் போய்த் தோட்டத்தையும் சாப்பாட்டுக் கூடத்தையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். அனுமதி கேட்டு இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். இரவில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள், அவர்கள் படுப்பது எங்கே, கூப்பிட்டால் கேட்குமா, கட்டிலிலிருந்து கக்கூஸ் எத்தனை அடி, வராந்தா டியூப்லைட் நேராக யார் முகத்தில் விழுகிறது, இதெல்லாம் அப்போதுதான் தெரியும். பல இல்லங்களில் ஆறரைக்குச் சாப்பாடு, எட்டுக்கு விளக்கு அணைப்பு, ஐந்துக்குக் குளியல். பணியாளர் மாறும் நேரத்தை ஒட்டி இந்த அட்டவணை அமைகிறது. மதியம் இரண்டு மணி நேரம் வேறு படுக்க வைக்கிறார்கள். பதினொரு மணி நேரம் கட்டிலில் கிடக்கும் உடம்பு இரவு ஒன்றரைக்கு விழித்துக்கொள்வதில் ஆச்சரியம் இல்லை. இல்லத்தார் ஒத்துழைத்தால் மதிய உறக்கத்தை அரை மணியாகவும் மூன்று மணிக்கு முன்னதாகவும் சுருக்கலாம், காலையில் அரை மணி நேரம் வெயிலில் நாற்காலி போடலாம், விளக்கணைப்பை ஒன்பதரைக்குத் தள்ளலாம். குறட்டை விடுகிறவர்களை ஒரே அறையில் சேர்ப்பதும் நடைமுறையில் உதவும்.

ஒரு எச்சரிக்கை. ஆறரைக்குச் சாப்பிட்டு மறுநாள் எட்டுக்குத்தான் அடுத்த உணவு என்றால், இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவருக்கு நடு இரவில் சர்க்கரை இறங்கும். வியர்வை, கெட்ட கனவு, எழுந்ததும் தடுமாற்றம், பிதற்றல் என்று அது உறக்கக் கோளாறு போலவே தெரியும். இரவு இரண்டு, மூன்று மணிக்கு ஒருமுறை விரலில் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட்டு, அடுத்த நாளே டாக்டரிடம் மருந்தின் அளவைப் பேச வேண்டும்.

எந்த வீட்டில் இருந்தாலும் எழுப்புகிற முதல் காரணம் மூத்திரம். இதற்கு மூன்று நாள் அளந்து பார்ப்பதே சரியான வழி. 500 மில்லி அளவுக் கோப்பை ஒன்று வாங்கி, ஒவ்வொரு முறையும் எவ்வளவு என்று குறியுங்கள். படுத்த பிறகு போனதும் காலை எழுந்ததும் போகும் முதல் மூத்திரமும் சேர்ந்து இரவுக் கணக்கு. ஒரு நாள் மொத்தம் 1500 மில்லி, அதில் இரவில் மட்டும் 600 என்றால், மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டது. உடம்பு இரவில்தான் நீரை இறக்குகிறது. பகலில் கால் வீங்குகிறவருக்கு இது வழக்கம். படுத்ததும் காலில் தேங்கிய நீர் ரத்தத்துக்குத் திரும்பி மூத்திரமாகிறது. பிரஷருக்குக் கொடுக்கும் அம்லோடிபினும் கால் வீக்கம் தரும். மதியம் மூன்று முதல் ஐந்து வரை கால்களை உயர்த்தி வைத்துப் படுத்தால் அந்த நீர் மாலையிலேயே இறங்கிவிடும். ஃப்ரூசமைடு போன்ற நீர் மாத்திரையை மாலையில் கொடுக்கிறார்களா என்று பாருங்கள், டாக்டரிடம் கேட்டுக் காலைக்கோ மதியத்துக்கோ மாற்றலாம். ஒவ்வொரு முறையும் 100 மில்லிதான், ஆனால் ஐந்து முறை என்றால் விஷயம் வேறு: புராஸ்டேட், மூத்திரப்பை, அல்லது கிருமி. தண்ணீரை நாள் முழுவதும் குறைப்பது தவறு; மாலை ஆறுக்குள் குடிக்க வேண்டியதைக் குடித்துவிட்டு, படுக்கும் முன் இரண்டு மணி நேரம் மட்டும் நிறுத்தினால் போதும். கட்டஞ்சாயாவும் (பால் சேர்க்காத தேயிலை) காப்பியும் மதியம் இரண்டோடு முடியட்டும். காப்பியின் வீரியம் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் பிடிக்கும்.

கக்கூஸ் முற்றத்தின் மூலையில் இருக்கும் பழைய வீட்டில் மழை இரவில் வயதானவரை வெளியே அனுப்பக் கூடாது. கட்டிலடியில் மூடியுள்ள யூரின் பாத்திரமோ, பக்கத்தில் கழிப்பறை நாற்காலியோ வையுங்கள். கூச்சப்படுவார்கள், அதிகாலையில் வேறு யாரும் பார்க்கும் முன் எடுத்துச் சுத்தம் செய்து கொடுத்தால் கூச்சம் போகும். கட்டில் உயரம் 45 முதல் 50 சென்டிமீட்டர், உட்கார்ந்தால் பாதம் முழுதும் தரையில் பட வேண்டும். போகும் வழியில் மஞ்சள் நிற அரை வாட் விளக்கு, முட்டி உயரத்தில். கால் மிதியை எடுத்துவிடுங்கள். எழுந்தவுடன் நடக்காமல் ஒரு நிமிடம் கட்டில் ஓரத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

குளிகை பற்றி. அல்பிரசோலம், குளோனசெபம் வகை முதியவரிடம் தள்ளாட்டத்தையும் விழுவதையும் மறதியையும் கூட்டும். சளி சிரப்பில் வரும் குளோர்பெனிரமின் உறக்கம் தரும் என்று கொடுப்பதும் தவறு, மூத்திரம் அடைக்கும், குழப்பம் வரும். இரண்டு வருடமாக அல்பிரசோலம் போடுகிறவரிடமிருந்து அதைத் திடீரென்று பிடுங்குவது இன்னும் ஆபத்து. உறக்கம் முன்பைவிடக் கெடும், நடுக்கம் வரும், வலிப்புகூட வரலாம். டாக்டர் மேற்பார்வையில் வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். உறக்கத்துக்காகக் கொஞ்சம் பிராந்தி என்பதும் மூன்று மணி நேரத்தில் எழுப்பிவிடும், குளிகையோடு சேர்ந்தால் மூச்சையே நிறுத்தலாம்.

குளிகைக்குப் பதில் கைவசம் உள்ள நல்ல முறை, கட்டில் நேரத்தைச் சுருக்குவது. நோட்டில் சராசரி உறக்கம் ஐந்தரை மணி என்றால் கட்டிலில் ஆறு மணி நேரம் மட்டும்: பத்தரைக்குப் படுத்து நாலரைக்கு எழுவது, உறங்கினாலும் இல்லாவிட்டாலும். முதல் வாரம் பகலில் தள்ளாடும், அதைச் சொல்லிவிட வேண்டும். 85 சதவீதம் தாண்டியதும் வாரத்துக்கு 15 நிமிடம் கூட்டுங்கள். ஐந்து மணி நேரத்துக்குக் கீழே சுருக்கவே கூடாது. வலிப்பு உள்ளவர், மனநோய்க்கு மருந்து எடுப்பவர், ஏற்கெனவே விழுந்தவர் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம்.

காத்திருக்கக் கூடாதவை சில. படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார்கிறார் என்றால் இதயத்தைப் பார்க்க வேண்டும். உறக்கத்தில் கத்தி, அடித்து, உதைத்துக் கனவை நடித்துக் காட்டினால் நரம்பியல் டாக்டரிடம் போக வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் விடியற்காலை விழித்து அழுகிறார், சாப்பாடு செல்லவில்லை, "நான் எதுக்கு இருக்கணும்" என்கிறார் என்றால் அது மனச்சோர்வு. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழிலேயே பேசலாம், டாக்டரிடமும் அந்த வாரமே காட்ட வேண்டும்.

டாக்டரிடம் போகும்போது 14 நாள் நோட்டும் மூன்று நாள் மூத்திரக் கணக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ள எல்லா மருந்தையும், சீட்டு இல்லாமல் கடையில் வாங்கிய அட்டையையும் மறைக்காமல் சேர்த்து, ஒரே பையில் போடுங்கள். குறட்டையைப் போனில் இரண்டு நிமிடம் வீடியோ எடுத்து வையுங்கள். கூடப் போகிறவர் அவரோடு அதே அறையில் இரவு படுக்கிறவராக இருக்கட்டும். பகலில் மட்டும் பார்க்கிற மகன் போனால் டாக்டர் கேட்கிற பாதிக் கேள்விக்குப் பதில் இருக்காது.